உம்மணாமூஞ்சி சொன்ன உண்மை

கிளச் டீச்சரைத் தெரியாதவர்கள் அந்தப் பகுதியில் குறைவு. பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷனிடம் கற்கப் போய் நடுரோட்டில் திட்டு வாங்கி அழுதவர்கள், ஆண் வாத்தியார் பக்கத்தில் உட்காரக் கூசியவர்கள், நாற்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஆசை வந்தவர்கள். "கிளச்சு, கிளச்சு, காலை எடுக்காதம்மா!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடமும் அதுதான், பிழைப்பும் அதுதான்.

அவள் புருஷன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடுகிற பலகை இருக்கிறதே, ஸ்கர்ட்டிங், அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. டேப் ஒட்ட மாட்டார். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவார். நூல் பிடித்த மாதிரி கோடு விழும். "சுவத்த யார் வேணா அடிக்கலாம். ஸ்கர்ட்டிங்லதான் பெயிண்டரோட லட்சணம் தெரியும்" என்பார். சொந்த வீட்டுச் சுவர்களுக்கு வெண்ணெய் நிறமும் ஸ்கர்ட்டிங்குக்கு மயில் நீலமும் அடித்திருந்தார். வருகிறவர்கள் முதலில் கீழேதான் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு கர்வம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் நின்றது: "வேணாம்."

எதற்கும் அதுதான். "டீ வேணுமாங்க?" என்று கேட்டால் "வேணாம்" என்பார், டம்ளருக்குக் கையை நீட்டுவார். "பசிக்குதா?" "வேணாம்." "படுக்கறீங்களா?" "வேணாம்." சந்தோஷத்துக்கும் அதே வேணாம், கோபத்துக்கும் அதே வேணாம். முதல் ஆறு மாதம் டீச்சர் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு குரலை வைத்துப் பிரிக்கப் பழகினாள். இழுத்துச் சொன்னால் ஆமாம். வெடுக்கென்று சொன்னால் நிஜமாகவே வேண்டாம். இரண்டு தரம் சொன்னால் வலிக்கிறது. "எங்க வீட்ல ஒரே வார்த்தைல குடும்பம் நடக்குது. உங்க வீட்ல ஆயிரம் வார்த்தை பேசி என்னத்த கண்டீங்க?" என்று படிக்க வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்ப்பார்கள்.

வீட்டுக்குள் நடைவழி குறுகல். சக்கர நாற்காலியைத் திருப்பும்போதெல்லாம் அதன் கால்தாங்கிக் கம்பி ஸ்கர்ட்டிங்கில் இடித்தது. ஒவ்வொரு மூலையிலும் நீலம் உரிந்து மரம் பல்லை இளித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். படுத்திருக்கிறவர்களுக்கு மேற்கூரை, உட்கார்ந்தே இருக்கிறவருக்குச் சுவரின் அடிப்பாகம். வேறு எங்கே பார்ப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மயில் நீலத்தில் ஒரு டின் வாங்கி வந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தூசியைத் துடைத்தாள். தரையில் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். நாற்காலியிலிருந்து "வேணாம்" வந்தது. பிரஷ்ஷில் பெயிண்ட் அதிகம் என்று அர்த்தம். வழித்தாள். "வேணாம்." கையை இப்படி வைக்காதே. மாற்றினாள். "வேணாம், வேணாம்!"

"அப்ப நீங்களே வந்து அடிங்க" என்று எரிச்சலில் சொல்லிவிட்டாள்.

அவர் இடது கையை நீட்டினார்.

அவரைத் தரையில் இறக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பிரஷ்ஷைக் கையில் வைத்தாள். முதல் கோடு பாம்பு போனதுபோல் நெளிந்தது. சுவரெல்லாம் நீலம். இரண்டாவதும் அப்படியே. அவர் விடவில்லை. பத்து நாளில், ஒரு முழ நீளத்துக்கு நேர்கோடு வந்தது. அதைப் பார்த்தபோது அவர் வாயின் இடது பாதி சிரித்தது. பிசியோதெரபி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னதற்கு, "ரப்பர் பந்தை அமுக்குறதவிட இது எவ்வளவோ மேல்மா. விட்டுடாதீங்க" என்றாள்.

கார் சத்தம் போட ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக், டொக்' என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல. பிழைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள் அவரைத் தெரபிக்குக் கூட்டிப் போவதும் அதே காரில்தான். வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேறு சவாரி இருப்பதாகச் சொல்லி நழுவினார்கள். வழக்கமாக வண்டி பார்த்துவந்த மெக்கானிக் தொழிலை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். புதிதாக ஓர் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

முதலில் பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஏசி, சோபா, காப்பி மெஷின். வரவேற்பில் இருந்த பெண் அரை மணி நேரத்தில் பதினாறு குறைகளை அச்சடித்த தாளை நீட்டினாள்.

"வண்டிய யாராவது ஓட்டிப் பாத்தாங்களா?" என்று டீச்சர் கேட்டாள்.

"எங்க சிஸ்டம் எல்லாத்தையும் காட்டிடும் மேடம்."

"டொக்குனு சத்தம் வருதுன்னு சொன்னேனே, அது இதுல எங்க இருக்கு?"

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அது இல்லை. டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்தது தெருக்கோடியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயாலேயே பந்தல் போட்டு விருந்து வைக்கிற ரகம். டீச்சர் மனசுக்குள் அவனுக்கு வாய்ப்பந்தல் என்று பேர் வைத்தாள். "அக்கா, உங்க வண்டி என் வண்டி மாதிரி. சாவியக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்க" என்றான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, லோயர் ஆர்ம் என்பார்கள், அது தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டால் போதும் என்றான். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அவனை நம்பவும் மனசில்லை, விடவும் வழியில்லை. அவர் அடித்து முடித்த பிரஷ், கழுவுவதற்காக அவள் கையில் இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் அந்த இரும்புக் கை தெரியும். குனிந்து, அதன் மேல் ஒரு பொட்டு மயில் நீலம் வைத்தாள்.

மறுநாள் மாலை வண்டியை எடுக்கப் போனாள். "புதுசு போட்டாச்சுக்கா, வெண்ணெய் மாதிரி போகும்" என்றான். டீச்சர் சக்கரத்தைத் திருப்பிக் குனிந்து பார்த்தாள். பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"தம்பி, இந்த நீலப் பொட்டு என்ன?"

அவன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அது கம்பெனியே வைக்கிற மார்க்குக்கா. ஒரிஜினல் பார்ட்டுன்னா அது இருக்கும்."

வீட்டுக்கு வந்து அவரிடம் அதைச் சொன்னபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "வேணாம்... வேணாம்..." என்று மூச்சு வாங்கினார். இன்னொரு தரம் சொல்லு என்று அர்த்தம். இன்னொரு தரம் சொன்னாள்.

கடைசியில் டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்தாள். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள் யாரிடம் போகிறார்கள் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்பது அவள் யோசனை. ஒரு கிழ டிரைவர் சொன்னார்: "பழைய மர டிப்போவுக்குப் பின்னால ஒருத்தர் இருக்கார். நாங்க உம்மணாமூஞ்சின்னுதான் கூப்பிடுவோம். சிரிக்க மாட்டார், ஆறுதல் சொல்ல மாட்டார். அவர்கிட்ட போனா மனசு நொந்துதான் வருவீங்க. ஆனா பொய் வராது."

உம்மணாமூஞ்சிக்கு அறுபது இருக்கும். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சாவியை வாங்கி, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேடு பள்ளமான சந்தில் இரண்டு சுற்று ஓட்டினார். காதை மட்டும் தீட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையில் விளக்கோடு அடியில் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு, "இங்க வாங்கம்மா" என்றார்.

அவளும் குனிந்து அடியில் போனாள். லோயர் ஆர்ம் பூட்டியிருக்கிற குறுக்குச் சட்டத்தை அவர் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் காட்டினார். அது ஊறிய அட்டையில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது. துரு அவர் உள்ளங்கையில் பொலபொலவென்று கொட்டியது.

"இஞ்சின் நல்லா இருக்கு. கியர் பாக்ஸ் நல்லா இருக்கு. ஆனா எல்லாத்தையும் தாங்குற இடமே அரிச்சுப் போச்சு. ரெண்டு பக்கமும்."

"மாத்த முடியாதாண்ணே?"

"இந்த மாடல் நின்னு பல வருஷம் ஆச்சு. பழைய வண்டில இருந்து எடுத்தா அதுவும் இதே கதிலதான் இருக்கும். அப்படியே மாத்தினாலும் அதைப் பூட்டுற பாடியும் போயிட்டு இருக்கு."

"வெல்டிங் வச்சா?"

"வைக்கலாம். நான் வைக்க மாட்டேன்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"ஆறு மாசம் தாங்கலாம். நாளைக்கே புட்டுக்கலாம். யாரையும் ஏத்தாதீங்கம்மா."

டீச்சருக்கு அடியிலிருந்து வெளியே வர மனமில்லை. பார்த்ததற்கு என்ன தர வேண்டும் என்று கேட்டாள். சரி பண்ணாத வண்டிக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். நேர்மையான ஆளைத்தான் அவள் இத்தனை நாள் தேடினாள். கிடைத்துவிட்டார். இப்படி ஒரு பதிலோடு கிடைப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

இத்தனைக்கும் அவளே அந்த மாதிரி ஆள்தான். கண் பார்வை குறைந்த ஒரு பெண்ணிடம், "உனக்கு வண்டி வேணாம்மா, பஸ்ல போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, கட்டிய பீஸைத் திருப்பிக் கொடுத்தவள். அந்தப் பெண் அழுதுகொண்டே போய் வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, "என்ன அறிவோ" என்று தலையில் அடித்துக்கொண்டவள்.

நான்கு நாள் காரை எடுக்கவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னாள். தெரபிக்கு இரண்டு தடவை போகவில்லை. அவர் விரல்கள் மடங்கத் தொடங்கின. நீவி நீவிப் பிரித்துவிட்டாள். வேறு வண்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வழியில்லை.

ஐந்தாம் நாள் காலை வாய்ப்பந்தலின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றாள். தன்னை ஏமாற்றியவன் என்று தெரிந்தே போனாள். சரி என்று சொல்ல அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. சட்டம் அரித்துப்போனதைச் சொன்னாள்.

"அட, இதுக்குப் போயா கவலைப்பட்டீங்க? நான் இருக்கேன்லக்கா. தகடு வச்சு வெல்டு அடிச்சா யானை ஏறினாலும் அசையாது" என்றான்.

"நல்லா வைப்பியா தம்பி?"

"என் அக்காவுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறேன்."

வைத்தான். மேலே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் வேறு அடித்துக் கொடுத்தான். டொக் டொக் நின்றுவிட்டது. மாணவிகளை மட்டும் அவள் ஏற்றவில்லை. ஒரு மாதம் லீவு என்று சொல்லிவிட்டாள். 'யாரையும் ஏத்தாதீங்க' என்ற சொல் காதிலேயே இருந்தது. ஆனால் தானும் அவரும் அந்த 'யாரையும்' என்பதில் சேர மாட்டார்கள் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் செய்துகொண்டாள்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. முன்னறை முழுவதும் ஸ்கர்ட்டிங் முடிந்து, அவர் நடைவழிக்கு வந்துவிட்டார். ஒரே இழுப்பில் ஒன்றரை முழம் போனார். கோட்டின் முனையில் பிரஷ்ஷைத் தூக்கும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்புவார், பழைய வலது கை செய்த அதே திருப்பல். அதைப் பார்க்க அவள் சமையலை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

அன்று புதன்கிழமை. காரில் ஏற்றும்போது அவர் இடது கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு "வேணாம்" என்றார்.

"ஒரு மணி நேரம்தாங்க. போயிட்டு ஓடி வந்துடலாம்."

"வேணாம்."

பாதியில் விட்டுவந்த கோட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று நினைத்தாள். கையைப் பிரித்து உள்ளே உட்கார வைத்தாள். வழி முழுக்கக் கதவுக்கு மேலே இருக்கிற பிடியை அவர் விடவில்லை.

தெரபி சென்டருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். வேகம் இருபதுகூட இருக்காது. சடாரென்று ஒரு சத்தம். அவர் பக்கத்துச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டது. கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து தரையைக் கீறிக்கொண்டு போய் நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவர் மேல்பிடியில் கையை முறுக்கிக்கொண்டிருந்தார். வலது பக்கம் தாங்க வலுவில்லாத உடம்பின் முழுப் பாரமும் அந்த மணிக்கட்டில் விழுந்துவிட்டது.

"வேணாம், வேணாம், வேணாம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஏழு வாரம் மாவுக்கட்டு. அந்த ஏழு வாரமும் அவரால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எல்லாம் அவள் கையால்தான். கட்டைப் பிரித்த பிறகு கை வீங்கி, விரல்கள் நடுங்கின. கொஞ்ச நாளில் நடுக்கம் நின்றுவிடும் என்றார் டாக்டர். நிற்கவில்லை. தெரபிக்கு வண்டியில் ஏற்றப் போனால் உடம்பு விறைத்துக்கொண்டது. பிசியோதெரபி பெண் இரண்டு முறை வீட்டுக்கே வந்து பார்த்தாள். மூன்றாம் முறை போனில், "இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்க வேணாம்மா. இருக்கிறதக் காப்பாத்திக்குங்க" என்றாள். அவளும் பொய் சொல்லாதவள்தான்.

டீச்சரைத் தின்றது வேறொன்று. அன்று காலை அவர் சொன்ன வேணாம் எந்த வேணாம்? இழுத்துச் சொன்னாரா, வெடுக்கென்று சொன்னாரா? காரின் அடியில் அவள் காதுக்கு எட்டாத ஏதாவது அவருக்குக் கேட்டதா? எத்தனையோ தரம் நினைவில் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி கேட்டது. ஒரு நாள் அவர் முன்னால் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சுதா?"

அவர் அவளையே பார்த்தார். "வேணாம்" என்றார். ஆமாம் என்றாரா, இல்லை என்றாரா, அந்தப் பேச்சே எடுக்காதே என்றாரா, அவளால் பிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் குரலை வைத்துப் புரிந்துகொண்டதெல்லாம் சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

வாய்ப்பந்தலிடம் போய்ச் சண்டை போடவில்லை. உண்மை தெரிந்தே பொய்யைத் தேடிப் போனவளுக்குச் சண்டை போட என்ன வாய் இருக்கிறது? வண்டி மோதிய மறுநாளே உம்மணாமூஞ்சியிடம்தான் போயிருந்தாள். அவர் ஆளோடு வந்து, நடைபாதையில் கிடந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வெல்டு வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"திட்டுங்கண்ணே" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நீங்க சொல்லியும் கேக்கலையே."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "முடியாதுன்னு நான் சொல்லி அனுப்புற ஆளுங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் வேற எடம் போறாங்க. அன்னிக்கே நீங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். சாவியப் புடுங்கி வச்சிருக்கணும். வச்சிக்கல" என்றார். காரை உடைக்கிற இடத்துக்கு அனுப்புவதற்கு முன், கற்றுக்கொடுக்கும்போது அவள் மிதிக்கிற இடப்பக்கத்து பிரேக்கையும் கிளச்சையும் கழற்றி ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வேறு வண்டி வாங்கினால் ஆகும் என்றார். இரண்டு பேருக்கும் அது ஆகாது என்று தெரியும். மறுக்க முடியாமல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நடைவழியில் ஸ்கர்ட்டிங் பாதியில் நின்றது. அந்தப் பக்கம் புது நீலம், இந்தப் பக்கம் உரிந்த மரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சத்தைத் தானே முடித்துவிடலாம் என்று டின்னைத் திறந்தாள். மேலே தடித்த ஏடு படிந்திருந்தது. குச்சியால் அதைக் கிழித்துக் கலக்கி, பெயிண்ட் அளவு சரியா என்று கேட்டு பிரஷ்ஷை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேணாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் டின்னை மூடிவிட்டாள். நாற்காலி திரும்புகிற மூலைகளில் புது நீலமும் உரிய ஆரம்பித்திருந்தது.

இப்போது டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள். கற்றுக்கொடுக்கும் வேலைதான் கேட்டாள். வண்டி மோதிய செய்தி முதலாளிக்கு எப்படியோ எட்டியிருந்தது. "வயசும் ஆச்சு, வீட்லயும் கஷ்டம். எதுக்கு டீச்சர் ரிஸ்க்கு? ஆபீஸ்ல இருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். லைசென்ஸ் ஃபாரம் நிரப்புகிறாள், போட்டோ ஒட்டுகிறாள், போன் எடுக்கிறாள். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடிப் போய் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு இரண்டுக்கு வந்துவிடுகிறாள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. நடுத்தர வயதுப் பெண் குரல், கொஞ்சம் தயங்கித் தயங்கி.

"ஓட்டக் கத்துக்கணுங்க. எனக்கு ரொம்பப் பயம். லேடி டீச்சர் யாராவது இருக்காங்களா உங்ககிட்ட?"

ஜன்னலுக்கு வெளியே ஸ்கூல் வண்டி ஒன்று குலுங்கிக் குலுங்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற பெண் கிளச்சை முழுக்க மிதிக்காமல் கியர் போடுவது சத்தத்திலேயே தெரிந்தது.

"இல்லம்மா, யாரும் இல்ல" என்றாள். "ஜென்ஸ்தான் இருக்காங்க. பரவாயில்லையா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவள் பாதி நிரப்பிய ஃபாரத்தை எடுத்து, அப்பா பெயர் அல்லது கணவர் பெயர் என்ற இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள்.